டீம் ஜெயிக்க ஜெயிக்க டிக்கெட்டுக்குப் பட்ட பாடு

2023 ஆகஸ்டில் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்க ப்ளூமிங்டன் வந்து இறங்கினேன். அந்த வருஷம் எங்கள் ஃபுட்பால் டீம் ஆடிய 12 போட்டிகளில் ஜெயித்தது 3. லேபில் கூட வேலை பார்த்த அமெரிக்கர் ஒருவர், சனிக்கிழமை டிக்கெட் சும்மா கிடக்கிறது, வேண்டுமா என்று வெள்ளிக்கிழமைதோறும் கேட்பார். யாரும் கை நீட்ட மாட்டார்கள். ப்ளூமிங்டன் கூடைப்பந்து ஊர். ஃபுட்பாலில், அதாவது ஹெல்மெட் போட்டுக்கொண்டு முட்டி மோதும் அமெரிக்க ஃபுட்பாலில், மேல்மட்டக் கல்லூரி அணிகளிலேயே வரலாற்றில் அதிகப் போட்டிகள் தோற்ற அணி என்ற பெயர்தான் இந்தியானாவுக்கு அப்போது இருந்தது. அதே டீம் 2024-ல் 11 போட்டி ஜெயித்து தேசிய ப்ளேஆஃப் வரை போனது. அந்த வெற்றிக் கதையை எழுதாத பத்திரிகை இல்லை. டீமின் பின்னாலேயே ஓடிய ஒரு மாணவனின் பர்ஸ் என்ன ஆனது என்று யாரும் எழுதவில்லை. சீனியர் யாராவது முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கிட்டத்தட்ட 500 டாலரும் ஒரு நல்ல டிசம்பர் வாரமும் எனக்கு மிஞ்சியிருக்கும். உங்கள் கல்லூரி டீமும் திடீரென்று ஜெயிக்க ஆரம்பிக்கலாம் என்பதால் முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

2023 நவம்பர் கடைசியில் பழைய கோச்சை அனுப்பிவிட்டு கர்ட் சிக்னெட்டியைக் கொண்டுவந்தார்கள். ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர், வரும்போது அங்கே தன்னிடம் ஆடிய பத்துக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களையும் கூடவே கூட்டி வந்தார். எப்படி ஆட்களைச் சேர்க்கப் போகிறீர்கள் என்று நிருபர் கேட்டதற்கு, நான் ஜெயிப்பவன், கூகுளில் தேடிப் பாருங்கள் என்றார். லேபில் எல்லோரும் சிரித்தோம். 2024 ஆகஸ்ட் 31-ல் முதல் போட்டி, 31-7 என்று ஜெயித்தார்கள். அடுத்த வாரம் 77-3. எதிரணிகள் பலவீனமானவை என்று சொல்லிக்கொண்டார்கள். செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் போய் யுசிஎல்ஏ பல்கலைக்கழக அணியை 42-13 என்று அடித்ததும் அந்தப் பேச்சு நின்றது. லேப் நண்பர் சும்மா டிக்கெட் கொடுப்பதும் அதோடு நின்றது.

மாணவர் சீசன் டிக்கெட் நான் எடுத்து வைத்திருந்ததால் உள்ளூர்ப் போட்டிகளுக்குக் கவலை இல்லை. அந்த சீசனில் 8 போட்டிகள் ப்ளூமிங்டனிலேயே நடந்தன. டீம் எப்படி ஆடும் என்று தெரியாத கோடையிலேயே மாணவர் சீசன் டிக்கெட்டை வாங்கி வைத்துவிடுங்கள். மோசமான வருஷத்துக்குப் பிறகு அது மலிவாகவும் இருக்கும், கேட்டவுடன் கிடைக்கவும் செய்யும். ஜெயிக்க ஆரம்பித்த பிறகு தனித்தனிப் போட்டிக்கு வாங்கப் போனால் விலை கண்ணைக் கட்டும்.

அக்டோபரில் ஊரே மாறிப் போனது. நெப்ராஸ்காவை 56-7 என்று ஜெயித்தார்கள். ஆனால் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர், கர்டிஸ் ரூர்க்குக் கட்டைவிரலில் அடி. அடுத்த வாரம் வாஷிங்டன் டீம் வருகிறது, தேசியத் தொலைக்காட்சியின் கேம்டே நிகழ்ச்சியையே கொண்டுவந்து கேம்பஸில் இறக்கினார்கள். விடிவதற்கு முன்பே சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட பேன்ட் அணிந்த கூட்டம் அட்டைகளைத் தூக்கிக்கொண்டு நின்றது. ரூர்க் இல்லாமலே 31-17 என்று ஜெயித்தார்கள். கூட்டத்தில் நின்று நானும் தொண்டை கிழியக் கத்தினேன். விதிமுறை பாதி புரியாது, அது வேறு விஷயம். பக்கத்தில் நின்ற தாத்தா ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பொறுமையாக விளக்கம் சொன்னார். 1967-ல் டீம் ரோஸ் பவுல் என்ற பெரிய போட்டிக்குப் போன காலத்திலிருந்து பார்த்து வருகிறாராம்.

வெளியூரிலிருந்து நண்பர்களை வரவழைக்க நினைப்பவர்களுக்கும், கேம்பஸில் மணிக்கணக்கு வேலை பார்ப்பவர்களுக்கும் இந்த இடத்தில் ஒரு தகவல். போட்டி எந்த நாள் என்பது பல மாதங்களுக்கு முன்பே தெரியும். எத்தனை மணிக்கு என்பது தெரியாது. அதை டிவி நிறுவனங்கள்தான் முடிவு செய்கின்றன, பெரும்பாலும் 12 நாள் முன்பு, சில வாரங்களில் 6 நாள் முன்புதான் அறிவிப்பார்கள். மதியம் 12 மணியாகவும் இருக்கலாம், ராத்திரி 8 மணியாகவும் இருக்கலாம். டீம் நன்றாக ஆட ஆட டிவிக்காரர்கள் அதைத் தங்களுக்கு வசதியான நேரத்துக்கு இழுப்பார்கள். நேரம் தெரியாமல் ஷிஃப்ட் மாற்றுவதோ, அன்றைக்கே திரும்பும் பஸ்ஸில் இடம் போடுவதோ வேண்டாம். கார் வைத்திருப்பவர்கள் ஸ்டேடியம் பக்கத்து பார்க்கிங் லாட்டில் எத்தனை மணிக்குள் வண்டியை எடுக்க வேண்டும் என்று முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். போட்டி நாளில் அங்கே நிற்கும் வண்டியைத் தயங்காமல் இழுத்துப் போய்விடுவார்கள்.

நவம்பர் 9-ல் மிச்சிகனை 20-15 என்று ஜெயித்தபோது சீசன் கணக்கு 10 வெற்றி, தோல்வியே இல்லை. இந்தியானா ஒரே சீசனில் 10 போட்டி ஜெயித்தது அதுதான் முதல் முறை. நவம்பர் 23-ல் ஒஹாயோ ஸ்டேட்டிடம் 38-15 என்று ஒரு உதை. அதற்கடுத்த வாரம் பரம எதிரியான பர்டூவை 66-0 என்று அடித்துத் துவைத்தார்கள். அந்த ராத்திரிதான் எனக்குப் பித்தம் தலைக்கேறியது. ப்ளேஆஃப் எங்கே நடந்தாலும் போவது என்று முடிவு செய்துவிட்டேன்.

டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை, ப்ளேஆஃப் பட்டியல் வந்தது. 12 அணிகள் ஆடும் ப்ளேஆஃப் அந்த வருஷம்தான் முதன்முதலாக வந்தது. முதல் நான்கு இடத்தில் இருக்கும் அணிகள் நேரடியாகக் காலிறுதிக்குப் போய்விடும். 5 முதல் 8 வரை உள்ளவை முதல் சுற்றுப் போட்டியைத் தங்கள் சொந்த ஸ்டேடியத்திலேயே நடத்தும். இந்தியானாவுக்கு 10-வது இடம், எதிரே 7-வது இடத்தில் நோட்ர டேம். அதே மாநிலத்தில் சவுத் பெண்டில், எங்கள் ஊரிலிருந்து கிட்டத்தட்ட 200 மைல். டிசம்பர் 20, வெள்ளி ராத்திரி 8 மணி. எங்கள் தேர்வு வாரம் முடிகிற அன்றைக்கு. கூட வருவதாகச் சொன்னவர்களில் பாதிப் பேர் ஊருக்கு ஃப்ளைட் பிடித்துவிட்டார்கள், மீதிப் பேருக்குப் புராஜெக்ட். சரி, தனியாகவே போவோம் என்று கிளம்பினேன்.

ப்ளேஆஃப் டிக்கெட் எப்படிப் பிரிகிறது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. நோட்ர டேம் ஸ்டேடியத்தில் 77,000 பேருக்கு மேல் உட்காரலாம். அதில் வெளியிலிருந்து வரும் அணிக்கு ஒதுக்குவது சுமார் 3,500 மட்டும். பொதுவாக அந்த 3,500-லும் முதல் உரிமை கல்லூரிக்கு நன்கொடை தருபவர்களுக்கும், பல வருஷமாக சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கும். ஆட்டக்காரர்களின் குடும்பம், பேண்டு வாத்தியக் குழு என்று எடுத்து வைத்தது போக மிச்சம்தான் மற்றவர்களுக்கு. விண்ணப்பம் திறந்திருக்கும் நேரமும் கொஞ்சம்தான். உங்கள் டீம் ப்ளேஆஃப் போகும் என்று வாடை அடித்த உடனேயே கல்லூரி டிக்கெட் அலுவலகத்தின் மின்னஞ்சல்களை ஸ்பேம் பெட்டியிலிருந்து மீட்டு எடுங்கள். பட்டியல் அறிவிக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே பதிவு செய்யச் சொல்லும் கல்லூரிகள் உண்டு.

எனக்குக் கிடைக்கவில்லை. மறுவிற்பனைத் தளம் ஒன்றில் தேடினேன். எல்லோரும் கேள்விப்பட்ட தளம்தான், பெயர் வேண்டாம். மேல்தளத்து மூலையில் ஒரு சீட், கட்டணமெல்லாம் சேர்த்து 740 டாலர். படிக்கும்போது கேம்பஸில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்க எஃப்-1 என்ற மாணவர் விசாவில் அனுமதி இல்லை. 740 டாலர் என்றால் எனக்கு ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பங்கு. அம்மாவிடம் ஃபோனில் உளறிவிட்டேன். "ஏன்டா, நம்ம காசுக்கு எவ்வளவுடா வருது?" என்றார். அறுபதாயிரத்துக்கு மேல் என்று சொல்ல வாய் வரவில்லை. "அதெல்லாம் இங்க சாதாரணம்மா" என்று மழுப்பிவிட்டு கார்டு எண்ணைத் தட்டினேன். ஆர்டர் உறுதியானது என்று மின்னஞ்சல் வந்தது. டிக்கெட் வரவில்லை. விற்பவர் டிசம்பர் 19-க்குள் அனுப்பிவிடுவார் என்று கீழே சின்ன எழுத்தில் இருந்தது.

அந்தச் சின்ன எழுத்துதான் விஷயமே. இந்தத் தளங்களில் டிக்கெட் போடுபவர்கள் எல்லோர் கையிலும் டிக்கெட் இருப்பதில்லை. இன்ன பகுதியில் ஒரு சீட் என்று முதலில் விலை போட்டு விற்றுவிடுவார்கள். அப்புறம் வேறு எங்காவது குறைந்த விலைக்கு வாங்கி உங்களுக்குத் தள்ளிவிட்டு நடுவில் லாபம் பார்ப்பார்கள். விலை இறங்கினால் அவருக்குக் கொள்ளை லாபம், உங்களுக்கும் டிக்கெட் வந்துவிடும். விலை ஏறினால் நஷ்டத்துக்கு வாங்கித் தர அவருக்கு என்ன தலையெழுத்தா, ஆர்டரை ரத்து செய்துவிட்டுப் போய்விடுவார். கடலில் நீந்துகிற மீனைக் கரையில் ஏலம் விடுகிற வியாபாரம் இது. முதல் முறையாகப் பெரிய சீசன் பார்க்கும் ஊருக்குத்தான் இது அதிகம் நடக்கும், ஏனென்றால் அங்கே போக ஆசைப்படுகிற கூட்டம் பெரிது, விலை கடைசிவரை இறங்காது. கையில் டிக்கெட் வைத்திருக்கும் விற்பனையாளர் என்றால் தளத்தில் பெரும்பாலும் உடனடி டெலிவரி என்று போட்டிருப்பார்கள், வரிசை எண்ணும் தெரியும். வரிசை எண்ணே இல்லாமல் வெறும் பகுதி மட்டும் போட்டு, டெலிவரி தேதியைப் போட்டிக்கு முதல் நாள் என்று வைத்திருந்தால் தொடாதீர்கள்.

டிக்கெட் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் மற்ற ஏற்பாடுகளைச் செய்தேன். சவுத் பெண்டில் ஹோட்டல்கள் எல்லாம் குறைந்தது இரண்டு ராத்திரி தங்கினால்தான் அறை என்றன. கிழக்கே கொஞ்ச தூரத்தில் இருக்கும் எல்கார்ட்டில் ஒரு ராத்திரிக்கு அறை கிடைத்தது, வரியோடு 210 டாலர், பணம் திரும்பக் கிடையாது. வாடகைக் கார் எடுத்தேன். எனக்கு 25 வயது ஆகவில்லை, அதற்குத் தினசரி தனியாக ஒரு கட்டணம் போட்டார்கள். விளம்பரத்தில் பார்த்த விலைக்கும் கவுன்டரில் கட்டிய விலைக்கும் சம்பந்தமே இல்லை. எல்லாம் சேர்ந்து 230 டாலர் பக்கம். இதோடு பெட்ரோல், சாப்பாடு.

19-ம் தேதி டிக்கெட் வரவில்லை. தளத்தின் சாட்டில் கேட்டால், கவலை வேண்டாம், போட்டி தொடங்குவதற்கு முன்பு கண்டிப்பாக வந்துவிடும் என்று அதே வாக்கியம் திரும்பத் திரும்ப வந்தது. வெள்ளி காலையில் கிளம்பி இண்டியானாபொலிஸைத் தாண்டி 31-ம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே போனேன். கோகோமோ, ரோசெஸ்டர் எல்லாம் தாண்டி ப்ளிமத் பக்கம் பெட்ரோல் போட நிறுத்தினேன். அங்கேதான் மின்னஞ்சல் வந்தது. விற்பனையாளரால் டிக்கெட் தர இயலவில்லை, உங்கள் ஆர்டர் ரத்து. சவுத் பெண்டுக்கு இன்னும் அரை மணி நேரப் பயணம்கூட இல்லை. பெட்ரோல் குழாயை வண்டியில் சொருகியபடியே நின்றேன். ஆத்திரமா அழுகையா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பின்னால் நின்ற லாரிக்காரர் ஹாரன் அடித்த பிறகுதான் வண்டியை நகர்த்தினேன்.

அந்த மின்னஞ்சலைப் பற்றி விவரமாகச் சொல்ல வேண்டும். பெரிய பச்சைப் பட்டன் ஒன்று இருந்தது, கட்டிய பணத்துக்கு மேல் கொஞ்சம் சேர்த்துக் கூப்பனாகப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று. பணத்தைத் திரும்பக் கேட்கும் வழி கீழே பொடி எழுத்தில். பச்சை பட்டனை அமுக்கினால் உங்கள் பணம் அந்தத் தளத்திலேயே முடங்கிவிடும். வேறொரு போட்டிக்கு அவர்களிடமே டிக்கெட் வாங்கித்தான் கழிக்க வேண்டும். எதையும் அமுக்காமல் ஃபோன் செய்தேன். பல தளங்களின் உத்தரவாதத்தில், விற்பவர் கைவிட்டால் அதற்கு இணையான வேறு சீட் தேடித் தருவோம், இல்லையென்றால் பணத்தைத் தருவோம் என்று இருக்கும். இணையான சீட் கேளுங்கள், அதைத்தான் முதலில் கேளுங்கள். பாட்டுப் போட்டுக் காத்திருக்க வைத்தார்கள். பாட்டு முடிந்து மறுபடி முதலிலிருந்து வந்தது. கடைசியில் வந்த பெண், இருப்பதில் மலிவான சீட்டே நீங்கள் கட்டியதைவிட ரொம்ப அதிகம், மேலாளர் சம்மதிக்கவில்லை, பணம்தான் தர முடியும் என்றார். அவர் பெயர், நேரம், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் உடனே ஃபோனில் குறித்துக்கொண்டேன். பின்னால் அது உதவியது.

திரும்பிப் போய்விடலாம் என்றும் தோன்றியது. அறைக்குப் பணம் கட்டியாயிற்றே என்று சவுத் பெண்டுக்கே போனேன். ஸ்டேடியத்தைச் சுற்றி டிக்கெட் விற்பவர்கள் நின்றார்கள். ஒருவர் 500-க்குத் தருகிறேன், செயலியில் பணம் அனுப்பு, டிக்கெட்டின் ஸ்க்ரீன்ஷாட்டை அனுப்புகிறேன் என்றார். இப்போதைய ஃபோன் டிக்கெட்டுகள் பலவற்றில் பார்கோடு ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கும், ஸ்க்ரீன்ஷாட்டை வாசலில் காட்டினால் திறக்காது. டிக்கெட்டை உங்கள் கணக்குக்கே மாற்றித் தந்தால்தான் அது டிக்கெட். முதலில் மாற்றுங்கள், பிறகு பணம் என்றேன். ஆள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

போட்டி தொடங்கும் நேரத்தில் விலை விழும் என்று கேள்விப்பட்டிருந்ததால் வெளியிலேயே நின்று ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உறைநிலைக்குக் கீழே குளிர். கையுறையோடு தட்டினால் திரை கேட்காது, கழற்றினால் விரல் கேட்காது. குளிரில் பேட்டரி சரசரவென்று இறங்கியது. அத்தனை ஆயிரம் பேர் ஒரே இடத்தில் இருப்பதால் நெட் ஊர்ந்தது. ஒரு சீட் விலை இறங்கி வந்தது, அமுக்குவதற்குள் காணாமல் போனது. திடீரென்று ஸ்டேடியம் மொத்தமும் வெடித்த மாதிரி ஒரு சத்தம். என் ஃபோனில் ஓடிய நேரலையில் பந்து இன்னும் நோட்ர டேமின் கோட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. என்ன நடந்தது என்று தெரியாமல் முழித்து, கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரையில் பார்த்தேன், நோட்ர டேமின் ஜெரமையா லவ் பந்தோடு 98 யார்டு ஓடி எங்கள் எல்லைக் கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டதை. சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பதை இந்தப் பக்கம் நின்றுகொண்டு தாமதமாகப் பார்ப்பதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று வெறுத்துப் போய் எல்கார்ட்டுக்கு வண்டியைத் திருப்பினேன். மீதி ஆட்டத்தை அறையில் பார்த்தேன். 27-3 என்று கிடந்தது, கடைசி ஒன்றரை நிமிஷத்தில் இந்தியானா இரண்டு டச்டவுன் போட்டு 27-17 என்று முடித்தது. நேரில் பார்த்திருந்தாலும் நொந்துதான் திரும்பியிருப்பேன்.

டிக்கெட் பணம் லேசில் வரவில்லை. சில வேலை நாட்களில் வந்துவிடும் என்றார்கள், ஜனவரி பிறந்தும் வரவில்லை. கிரெடிட் கார்டில் வாங்கியிருந்ததால் கார்டு நிறுவனத்தில், பொருள் தரப்படவில்லை என்று புகார் பதிந்தேன். ரத்து மின்னஞ்சல், சாட்டின் ஸ்க்ரீன்ஷாட்டுகள், ஃபோனில் குறித்து வைத்தது எல்லாவற்றையும் இணைத்தேன். அதற்குப் பிறகு 740-ம் முழுதாக வந்தது, கட்டணம் உட்பட. டெபிட் கார்டிலோ நேரடியாகப் பணம் அனுப்பும் செயலியிலோ கட்டியிருந்தால் இவ்வளவு சுலபமாக வந்திருக்காது. ஹோட்டலும் காரும் பெட்ரோலும் போனது போனதுதான். அதற்கு உத்தரவாதம் எந்தத் தளமும் தருவதில்லை. விடுமுறை நாட்களில் எஃப்-1 மாணவர்கள் கேம்பஸில் முழு நேரம் வேலை பார்க்கலாம் என்பதால், குளிர்கால விடுமுறை முழுக்க வேலை பார்த்து அந்த ஓட்டையை அடைத்தேன்.

இப்போது யாராவது கேட்டால் நான் சொல்லும் வரிசை இது. முதலில் ரத்து செய்யக்கூடிய அறையைப் போடுங்கள், கொஞ்சம் விலை கூட இருந்தாலும். போட்டி வார இறுதிகளில் ரத்து செய்யும் கடைசி நாளை ஹோட்டல்கள் முன்னுக்கு இழுத்து வைத்திருக்கும், அதையும் பாருங்கள். பட்டியல் வரும் முன்பே, வாய்ப்புள்ள ஊர்களில் இப்படி அறை போட்டு வைக்கும் ரசிகர்கள் உண்டு, அது நல்ல வழிதான். அப்புறம் டிக்கெட், உங்கள் கணக்கில் வந்து உட்கார்ந்து, செயலியில் உங்கள் பெயரோடு திறக்கிற டிக்கெட். அதற்குப் பிறகு கார். 25 வயதுக்கு மேற்பட்ட நண்பர் கூட வந்தால் காரை அவர் பெயரில் எடுத்து அவரையே ஓட்டச் சொல்லுங்கள். பெரிய பையோடு போகாதீர்கள், உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பைதான் பெரும்பாலான ஸ்டேடியங்களில் செல்லும். டிசம்பரில் திறந்தவெளி ஸ்டேடியம் என்றால் ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்துக் கொண்டுபோய்க் காலுக்கடியில் போட்டு நில்லுங்கள், கான்க்ரீட்டின் குளிர் ஷூ வழியாக ஏறாது. ப்ளூமிங்டனில் பக்கத்தில் நின்ற அந்தத் தாத்தா சொன்ன யோசனை. பவர் பேங்கைச் சட்டைக்கு உள்ளே, உடம்போடு ஒட்டி வையுங்கள், வெளியே வைத்தால் அதுவும் ஃபோனைப் போலவே செத்துவிடும்.